சாம்பல் நிறத்தில் ஒரு தேஜஸ்

போர் விமானம் வரைந்தேன் என்றால் எல்லோரும் வடிவத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். மூக்கு எப்படி வந்தது, இறக்கை சரியாக விழுந்ததா என்று. என்னைக் கேட்டால் வடிவம் இரண்டாவதுதான். கட்டம் போட்டு, அளவெடுத்து, பொறுமையாக உட்கார்ந்தால் வடிவம் வந்துவிடும். நிறம் அப்படி வராது. தேஜஸ் சாம்பல் நிற விமானம். வானத்தில் யார் கண்ணிலும் தட்டுப்படக் கூடாது என்று யோசித்துப் பூசிய சாம்பல் அது. பட்டறை வாசலில் மாட்டும் பலகையோ, வருகிறவர் கண்ணைப் பிடித்து நிறுத்த வேண்டியது. மறைவதற்காகப் பூசிய நிறத்தை வைத்துக்கொண்டு எல்லோரும் பார்க்கிற மாதிரி எப்படி வரைவது? 8 அடிக்கு 4 அடிப் பலகையில் அந்தத் தேஜஸை வரைந்து முடிக்கிறவரை இந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கட்டினேன்.

எங்கள் பட்டறை சூலூருக்கும் நீலம்பூருக்கும் நடுவில் இருக்கிறது. தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சி.எம்.எம். இயந்திரத்தில் பாகங்களை அளப்பது என் வேலை. பம்பு, வால்வு உதிரிகள்தான் பெரும்பகுதி. சில வருடங்களாக விமானத் துறைக்கான அலுமினியப் பாகங்களும் வருகின்றன. டிராயிங்கில் பாகத்தின் எண் இருக்கும், அளவு இருக்கும், எத்தனை மைக்ரான் வரை விலகலாம் என்று இருக்கும். அந்தப் பாகம் எந்த விமானத்தில், எந்த மூலையில் போய் உட்காரும் என்பது மட்டும் இருக்காது. எங்களுக்கு வேலை கொடுப்பவருக்கும் மேலே இன்னொருவர், அவருக்கும் மேலே இன்னொருவர். கடைசியில் இருக்கிற எங்களுக்கு வருவது ஓர் எண்தான்.

ஆனால் தலைக்கு மேலே நாள் முழுக்கச் சத்தம் கேட்கும். சூலூர் விமானப்படைத் தளம் பக்கத்திலேயே இருக்கிறது. தேஜஸ் பறக்கும் முதல் படைப்பிரிவான 45ஆம் ஸ்குவாட்ரன், 'பறக்கும் குத்துவாள்கள்', 2016 ஜூலையில் பெங்களூருவில் தொடங்கி 2018இல் சூலூருக்கு வந்தது. 2020 மே 27 அன்று 18ஆம் ஸ்குவாட்ரனும் தேஜஸோடு சூலூரிலேயே மறுபிறவி எடுத்தது. மிஷின் முன்னால் நிற்கிற ஆபரேட்டர்கள் இந்தச் சத்தத்துக்குப் பழகிப் போய்விட்டார்கள், நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. இவ்வளவு பக்கத்தில் பறக்கிற ஒன்றை எங்கள் ஆட்கள் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. முதலாளி ஆயுத பூஜைக்கு வாசலில் ஏதாவது பெரிதாக மாட்டலாம் என்று சொன்னதும் நானே முன்வந்து கேட்டு வாங்கிய வேலை இது.

"ஃப்ளெக்ஸ் அடிச்சா சாயங்காலமே வந்துருமே, எதுக்குங்க இவ்வளவு பாடு?" என்று ஆபீசில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. விமானப்படையே அருமையான படங்களை வெளியிடுகிறது. அதில் ஒன்றை எடுத்து அச்சடித்தால் துல்லியத்துக்குக் குறைவிருக்காது. ஆனால் அச்சடித்த படத்தின் முன்னால் யாரும் நிற்பதில்லை. ஊர் முழுக்க ஃப்ளெக்ஸ் பார்த்துப் பார்த்துக் கண் தானாகவே அதைத் தாண்டிப் போகிறது. கையால் வரைந்ததென்றால் பக்கத்தில் வந்து, தூரிகைத் தடத்தைப் பார்த்து, தொட்டுப் பார்த்து, இது சரி, அது சரியில்லை என்று பேசுவார்கள். பட்டறை ஆட்களுக்குப் பேச ஏதாவது கொடுக்க வேண்டும் என்பதுதான் என் நோக்கம். எனாமல் பிடித்து எழுத எனக்குக் கற்றுக்கொடுத்தவர் உக்கடத்தில் போர்டு எழுதிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். ஃப்ளெக்ஸ் வந்தபிறகு அவருக்கு வேலை நின்றுபோனது. அவர் கையில் இருந்த வித்தை என் கையில் கொஞ்சமாவது தங்கியிருக்கிறதென்றால் அதை இப்படி ஒரு சுவரில் காட்டாமல் வேறெங்கே காட்டுவது?

முதலில் பலகை. தண்ணீர் தாங்கும் பிளைவுட், 12 மி.மீ. கனம். முழு ஷீட் 20 கிலோவுக்கு மேல் இருக்கும். பின்னால் மரச்சட்டம் அடிக்காமல் விட்டால் நாளாக நாளாக வயிறு தள்ளிவிடும். பிரைமரை இரண்டு பக்கமும் அடிக்க வேண்டும், இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. முன்பக்கம் மட்டும் அடித்தால் பின்பக்கம் ஈரத்தை இழுத்துப் பலகை வளைந்துவிடும். மேலே மெலிதாகப் புட்டி, உப்புத்தாளால் தேய்ப்பு, மறுபடியும் புட்டி, மறுபடியும் தேய்ப்பு. உள்ளங்கையை வைத்துத் தடவினால் மர ரேகை தெரியக் கூடாது. இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டால் கடைசியில் வானம் முழுக்க ரேகை ஓடும். வானத்தில் ஒளிந்துகொள்ள எந்தக் குறைக்கும் இடமில்லை.

அடுத்தது எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது என்ற கேள்வி. தேஜஸ் சின்ன விமானம். நீளம் 13.2 மீட்டர், இறக்கையின் வீச்சு 8.2 மீட்டர், உயரம் 4.4 மீட்டர். ஏழில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொண்டால் நீளம் 189 செ.மீ. வரும். 244 செ.மீ. பலகையில் முன்னும் பின்னும் மூச்சுவிட இடம் கிடைக்கும். நேர் பக்கவாட்டில் வரைந்தால் அளவு சுலபம். ஆனால் இந்த விமானத்தின் அழகே முக்கோண இறக்கைதான். பக்கவாட்டில் அது ஒரு கோடாகச் சுருங்கிப்போகும். நேர் கீழேயிருந்து பார்த்தால் முக்கோணம் முழுதாகத் தெரியும், விமானி தெரியமாட்டார். அதனால் பக்கவாட்டுக் காட்சியை வைத்துக்கொண்டு, முதுகு நம் பக்கம் சாய்கிற மாதிரி லேசாகத் திருப்பினேன். இரண்டு இறக்கைகளின் மேல்பரப்பும் தெரிகிறது, விமானிக்கு மேலுள்ள கண்ணாடி மூடியான கனோப்பியும் தெரிகிறது.

மூக்கு எந்தத் திசை என்பதில் முதலாளிக்குத் திட்டவட்டமான எண்ணம் இருந்தது. "கீழ பாக்கக் கூடாதுங்க. வெளிய போற மாதிரியும் இருக்கக் கூடாது. பட்டறைக்குள்ள வர்ற மாதிரி இருக்கோணும்" என்றார். வாசலில் நுழைந்து வலது கைப்பக்கம் திரும்பினால்தான் மிஷின் ஷாப். ஆகவே மூக்கு வலப்பக்கம் பார்க்கிறது, கொஞ்சம் மேல்நோக்கி. அப்படி வைத்ததில் எனக்கும் ஆதாயம் இருந்தது. தேஜஸின் வலப்பக்கத்தில்தான் பறக்கும்போதே எரிபொருள் வாங்கும் குழாய் மூக்கையொட்டி நீட்டிக்கொண்டிருக்கும். காற்று உள்ளே போகும் வாய்க்குக் கீழே 23 மி.மீ. இரட்டைக்குழல் பீரங்கி இருப்பதும் அந்தப் பக்கம்தான். பார்க்க விஷயம் அதிகமுள்ள பக்கம்.

பார்த்து வரையப் படங்கள் எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். தளத்தின் வேலிக்கு வெளியே நின்று கேமராவைத் தூக்காதீர்கள். அங்கே படம் எடுக்கத் தடை இருக்கிறது, அந்தத் தடைக்குக் காரணமும் இருக்கிறது. விமானப்படையும் பாதுகாப்பு அமைச்சகமும் வெளியிட்ட படங்களே ஏராளம். அதைவிட நல்லது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெங்களூரு எலகங்காவில் நடக்கும் ஏரோ இந்தியா கண்காட்சி. 2025 பிப்ரவரியில் அங்கே போய் வெயிலில் நின்று பார்த்ததுதான் எனக்கு மூலதனம். நின்றிருக்கும் விமானத்தைச் சுற்றி நடந்து பார்க்கிறவருக்குத்தான் எந்தப் பரப்பு எங்கே வளைகிறது என்பது பிடிபடும். படம் எவ்வளவு நல்லதானாலும் தட்டைதானே.

இறக்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இங்கேதான் பல ஓவியங்கள் தேஜஸை விட்டுவிட்டு மிராஜைப் பிடித்துக்கொள்கின்றன. மிராஜ் 2000 விமானத்தில் இறக்கையின் முன்விளிம்பு ஒரே நேர்க்கோடாகப் பின்னோக்கிப் போகும். தேஜஸில் அது நடுவில் முறியும். உடலையொட்டிய பகுதி குறைவாகச் சாய்ந்திருக்கும், அதற்கப்பால் சட்டென்று அதிகமாகச் சாயும். அந்த முறிவு வெளியே நீட்டிய தோள்பட்டை மாதிரி தெரியும். அதைப் பிடித்துவிட்டால் மீதியில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பார்க்கிறவர் "தேஜஸ்" என்று சொல்லிவிடுவார். அழகுக்காக வைத்த முறிவு இல்லை அது. உள்பகுதியின் அந்தக் கோணம் இறக்கைக்கு மேலே காற்றைச் சுழலாக மாற்றி, மூக்கைத் தூக்கித் திரும்பும்போது இறக்கைக்குப் பிடிமானம் கொடுக்கிறது. பின்னால் செங்குத்தான ஒரே ஒரு வால். கிடைமட்ட வால் இறக்கை கிடையாது. பழக்க தோஷத்தில் கை தானாக அதை வரையப் போகும், தடுத்து நிறுத்த வேண்டும். இன்னொன்று, இறக்கை நுனியில் ஏவுகணை. எஃப்-16 படங்களைப் பார்த்துப் பழகியவர்கள் தேஜஸுக்கும் நுனியில் ஒன்றை மாட்டிவிடுகிறார்கள். தேஜஸில் சுமை எல்லாம் இறக்கைக்கும் உடலுக்கும் அடியில்தான்.

ஆயுதம் என்று வந்ததால் அதையும் பேசிவிடலாம். பட்டறையில் பாதிப்பேர் ஏவுகணை நெருப்பு கக்கிக்கொண்டு போகிற மாதிரி கேட்டார்கள். மூவண்ணப் புகை கேட்டார் ஒருவர், பின்னால் கழுகு கேட்டார் இன்னொருவர். ஆசையாகக் கேட்டதுதான், ஆனாலும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. பூஜைக்குப் பிள்ளைகள் வருவார்கள், வீட்டுப் பெண்கள் வருவார்கள், வருடம் முழுக்க அந்தப் பலகைக்குக் கீழேதான் கைரேகை வைத்து எல்லோரும் வேலைக்குப் போவோம். அங்கே தினமும் ஒரு வெடிப்பைப் பார்க்க நான் விரும்பவில்லை. அதற்காக இதைப் பயணிகள் விமானம் மாதிரிக் காட்டுவதும் நேர்மையில்லை. இறக்கைக்கடியில் இரண்டு எரிபொருள் தொட்டி, ஓரத்தில் இரண்டு ஏவுகணை, அவ்வளவுதான் வைத்தேன். சாதாரணமாக ஒரு நாள் பயிற்சிக்குப் புறப்படுகிற விமானம் எப்படி இருக்குமோ அப்படி. எங்கள் வானத்தில் தினமும் போவது அதுதானே.

கட்டம் போட்டு முதலில் பேப்பரில் முழு அளவில் வரைந்தேன். பிறகு போர்டு எழுதுகிறவர்களின் பழைய முறை. கோடுகளின் மேல் ஊசியால் நெருக்கமாகக் குத்தி, பேப்பரைப் பலகையில் ஒட்டி, நீலப்பொடியைத் துணியில் கட்டித் தட்டினால் புள்ளி புள்ளியாகக் கோடு இறங்கிவிடும். பேப்பர் கையில் இருப்பதால் திருத்தமும் சுலபம்.

இனி அந்தச் சாம்பல்.

கடையில் கிடைக்கும் தயார் சாம்பல் எனாமல் இதற்கு ஆகாது. கறுப்பையும் வெள்ளையையும் மட்டும் கலந்தால் வருவது நீலம் பாய்ந்த, உயிரில்லாத ஒரு நிறம். அதைத் தொட்டுப் பூசினால் விமானம் தகரத்தில் வெட்டி ஒட்டியது போலிருக்கும். துளி பழுப்பு சேர்த்தால் சூடு வரும், துளி நீலம் சேர்த்தால் குளிரும். வெயில் படுகிற பக்கத்துக்கு முதல் கலவை, நிழல் பக்கத்துக்கு இரண்டாவது. தேஜஸில் இரண்டு சாம்பல் உண்டு, ஒன்று கொஞ்சம் அடர்த்தி, இன்னொன்று வெளிர். வெயிலும் நிழலும் சேரும்போது அந்த இரண்டு நாலாகும். நாலையும் தனித்தனி டப்பாவில் கலந்து, மூடியில் பெயர் எழுதி வைத்துக்கொண்டேன். மறுநாள் அதே நிறத்தை மறுபடி கலப்பது யாராலும் ஆகாது.

போர் விமானங்கள் ஏன் சாம்பலாக இருக்கின்றன என்று யோசித்தால் விடையும் அங்கேதான் கிடைத்தது. நடுவானத்தில் தூசியும் ஈரப்பதமும் கலந்த ஒளியின் நிறம் பெரும்பாலும் வெளிறிய சாம்பல்தான். அதற்குச் சமமான வெளிச்ச அளவில் விமானமும் இருந்தால் விளிம்பு கரைந்துபோகும். அதோடு வயிற்றுப் பக்கத்தை வெளிறலாக வைப்பார்கள். நிழல் விழுந்து இருளும் வயிறு, வெளிர் நிறத்தால் சமன்பட்டு உருண்டையாகத் தெரியாமல் தட்டையாகிவிடும். மானுக்கும் மீனுக்கும் வயிறு வெளுத்திருப்பதற்கு இதுதான் காரணம் என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் விளக்கியவர் அபட் தேயர் என்ற அமெரிக்கர். அவர் ஓர் ஓவியர் என்பதைப் படித்த அன்று எனக்கு அத்தனை சந்தோஷம். ஒளியையும் நிழலையும் வைத்து உருண்டையை உருவாக்கத் தெரிந்தவருக்குத்தான் அதை அழிக்கும் வழியும் தெரிந்திருக்கிறது.

அப்படியென்றால் நான் செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறானது. விமானத்தின் நிறத்தை மாற்ற எனக்கு உரிமையில்லை, வானத்தை மாற்றலாம். பெரும்பாலானவர்கள் நீல வானத்தைப் போட்டுவிடுவார்கள். நீலத்தின்மேல் சாம்பல் அழுக்காகத் தெரியும். எனக்குத் தேவையான வானத்தை ஜூன் மாதத்துக் கோவை கொடுத்தது. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் நாட்களில் இங்கே மழை குறைவு, காற்றும் மேகமும்தான் அதிகம். மேலே கருநீல மேகம் மூடியிருக்கும். கீழே தொடுவானத்தையொட்டி ஒரு கீற்று மட்டும் திறந்து மஞ்சள் வெளிச்சம் பாயும். சாயங்கால நேரத்தில் மேற்கிலிருந்து வரும் அந்த வெளிச்சத்தில், சாம்பல் விமானம் வெள்ளியாக மின்னுவதை இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோருமே பார்த்திருப்பார்கள். அதையே எடுத்துக்கொண்டேன். விமானத்தின் மேல்விளிம்பு வெளிச்சம், அதற்குப் பின்னால் இருண்ட மேகம். கீழ்விளிம்பு நிழல், அதற்குப் பின்னால் வெளுத்த வானம். இப்படி மாற்றி மாற்றி வைத்ததும் சாம்பல் எழுந்து முன்னால் வந்தது. ரோட்டிலிருந்து கேட் வழியாகப் பார்த்தாலே தெரிகிறது.

பிளைவுட்டில் மேகம் வரைவது தனி சுகம். எனாமல் ஈரமாக இருக்கும்போதே டர்பன்டைன் தொட்ட அகலத் தூரிகையால் இழுத்தால் காற்று தெரியும். இதைப் பற்றி மட்டுமே ஒரு பதிவு எழுதலாம், இப்போது வேண்டாம்.

விமானத்தின் உடலில் கோடுகளும் ஆணிகளும் போடுவதில் கட்டுப்பாடு வேண்டும். தேஜஸின் வெளிப்பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் கார்பன் இழைக் கலப்புப்பொருள். பழைய உலோக விமானங்களில் தெரிகிற மாதிரி வரிசை வரிசையாக ரிவெட் தெரியாது. தகடுகள் இணையும் கோடுகளும் மெல்லியவைதான். கறுப்பு மையால் எல்லாக் கோட்டையும் போட்டு நிரப்பினால் உழைப்பு தெரியும், விமானம் தெரியாது. அடிநிறத்தைவிட ஒரு படி மட்டும் அடர்த்தியான சாம்பலில், வெளிச்சம் சாய்ந்து விழும் இடங்களில் மட்டும் போட்டேன். எங்கள் ஃபிட்டர்களில் ஒருவர் மூக்கு முட்டும்வரை கிட்டே வந்து பார்த்துவிட்டு, "இத்தனை பெரிய பரப்புல ஜாயின்ட்டே தெரியலையே, எப்படிங்க அசெம்பிள் பண்றாங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் கையால் வரைந்தேன் என்று அவரிடமே சொன்னேன்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி பின்பக்கம், எஞ்சினின் வாய். ஜி.இ. நிறுவனத்தின் எஃப்404 எஞ்சின், இதழ் இதழாக விரிந்து சுருங்கும் உலோக வளையம். வெப்பம் பட்டுப் பட்டு அதில் நிறம் ஏறியிருக்கும். அதை வரைவதற்கு முன்னால் டூல் கிரைண்டிங்கில் இருக்கும் மூத்த அண்ணனைப் போய்க் கேட்டேன். எஃகைச் சூடேற்றிப் பதம் வைக்கும்போது நிறம் எந்த வரிசையில் ஏறும் என்று அவருக்கு அத்துப்படி. "மொதல்ல வைக்கோல் கலர் வருமுங்க. அப்புறம் பழுப்பு. அதுக்கு மேல கத்திரிப்பூ. கடைசீல நீலம். நீலம் தாண்டுச்சுன்னா வெளுத்துப் போகும், அதோட பதம் போச்சு" என்று சொல்லி, ஒரு துண்டு எஃகை டார்ச்சில் காட்டி நிறம் ஓடுவதைக் கண்முன்னாலேயே காட்டினார். எஞ்சினில் இருப்பது வேறு உலோகக் கலவை, சூட்டின் அளவும் வேறு. ஆனாலும் ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு அது நழுவுகிற விதம் அப்படியே கைக்கு வந்தது. அந்த இதழ்களில் வைக்கோலும் கத்திரிப்பூவும் மெலிதாக ஓடுவதைப் பார்த்துவிட்டு அவர் ஒன்றும் சொல்லவில்லை. டீ நேரத்தில் மற்றவர்களைக் கூட்டிவந்து அந்த இடத்தை மட்டும் காட்டினார்.

படத்தில் பளிச்சென்ற நிறம் என்றால் வட்டச் சின்னமும் வாலில் இருக்கும் மூவண்ணப் பட்டையும் மட்டும்தான். வெளியே காவி, நடுவில் வெள்ளை, மையத்தில் பச்சை. காம்பஸ் வைத்துப் போட முடியாது. விமானம் சாய்ந்திருப்பதால் வட்டம் நீள்வட்டமாகும். காவியும் கடையில் கிடைக்கும் ஆரஞ்சு இல்லை, மஞ்சள் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். படைப்பிரிவின் முத்திரையை நான் வரையவில்லை. அது சம்பாதித்தவர்களுக்கு உரியது, எங்கள் பட்டறைச் சுவருக்கு உரியதல்ல. விமானத்தின் எண்ணையும் போடவில்லை. "எல்.ஏ.ன்னு நம்பர் இருக்குமே, உட்டுட்டீங்களே" என்று விவரம் தெரிந்த ஒரு பையன் கேட்டான். ஒவ்வோர் எண்ணும் ஒரு குறிப்பிட்ட விமானம், அதை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், பராமரிப்பவர்கள் இருக்கிறார்கள். யாரோ ஒருவருடையதை எடுத்து நாம் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று சொன்னேன்.

கோவில் சிலைக்குக் கண் திறப்பதைக் கடைசியில் வைப்பார்கள். நானும் விமானியைக் கடைசியில் வைத்தேன். ஏழில் ஒரு பங்கு அளவில் ஹெல்மெட் 4 செ.மீ. தான் வருகிறது. கண்ணாடி மூடிக்கு அடியில், கறுப்பு வைசர் இறக்கிய நிலையில். முகம் தெரியாது. தலை மட்டும் லேசாக நம் பக்கம் திரும்பியிருக்கும். அந்தச் சின்ன உருண்டை இல்லாதவரை பலகையில் இருந்தது ஓர் இயந்திரம். அது வந்ததும் ஒருவர் ஓட்டிக்கொண்டு போகிறார் என்று ஆனது.

2025 ஆயுத பூஜைக்குச் சில நாட்கள் முன்னால், செப்டம்பர் 26 அன்று, சண்டிகரில் மிக்-21 விமானங்களுக்கு விடைகொடுத்தார்கள். 1963இல் வந்தவை. அவற்றின் இடத்துக்கென்றே யோசிக்கப்பட்டதுதான் தேஜஸ். திட்டத்துக்காக ஏ.டி.ஏ. அமைப்பு உருவானது 1984இல், முதல் விமானம் பெங்களூருவில் மேலெழுந்தது 2001 ஜனவரி 4 அன்று. இத்தனை வருடமா என்று குறைசொல்பவர்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் ஒரு பாகத்தை வரைபடத்திலிருந்து உலோகத்துக்குக் கொண்டுவர எத்தனை தடவை அளக்க வேண்டியிருக்கிறது என்று தினமும் பார்க்கிற எனக்கு, ஒரு முழுப் போர் விமானத்தை ஆரம்பத்திலிருந்து உருவாக்கக் கற்றுக்கொண்ட ஒரு தலைமுறையின் மேல் மரியாதைதான் வருகிறது. கோவைக்கும் அதில் பங்கு வந்துவிட்டது. தேஜஸ் மார்க் 1ஏ ரகத்துக்கான இறக்கைத் தொகுதியை எல் அண்ட் டி நிறுவனம் கோவையில் உள்ள தன் வளாகத்தில் செய்து, முதல் தொகுதியை 2025 ஜூலையில், தேஜஸைத் தயாரிக்கும் எச்.ஏ.எல்.லிடம் ஒப்படைத்தது. நான் மூன்று தரம் அழித்து வரைந்த அந்த இறக்கை முறிவு, இதே ஊரில் ஜிக்கில் மாட்டி நிஜமாகவே உருவாகிறது என்பதைப் பட்டறையில் சொன்னபோது கொஞ்ச நேரம் ஒருவரும் மிஷினுக்குத் திரும்பவில்லை.

"நம்ம பாகம் இதுல எங்கீங்க இருக்குது?" என்று மில்லிங்கில் இருக்கும் தம்பி ஒருவன் கேட்டான். இதில் இருக்கிறதா என்பதே நமக்குத் தெரியாது, வேறு விமானமாகவும் இருக்கலாம் என்றேன். அவன் விடவில்லை. "இருந்தா எங்க இருக்கும்?" என்றான். அந்த அலுமினிய பிராக்கெட்டின் கனம், துளைகளின் அமைப்பு, வளைவு எல்லாவற்றையும் வைத்து ஐந்தாறு பேர் பலகைக்கு முன்னால் நின்று வாதாடினார்கள். சுவரில் விமானம் வரவேண்டும் என்று நான் கேட்டதற்குப் பலன் இதுதான்.

அதே வருடம் நவம்பர் 21, வெள்ளிக்கிழமை. துபாய் விமானக் கண்காட்சியில் சாகசம் காட்டிக்கொண்டிருந்த தேஜஸ் விழுந்து, விங் கமாண்டர் நமன்ஷ் சியால் உயிரிழந்தார். செய்தி செல்போனில் வந்தபோது ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. அவர் உடலை ஞாயிற்றுக்கிழமை சூலூருக்குத்தான் கொண்டுவந்தார்கள். திங்கட்கிழமை கைரேகை வைக்க வந்தவர்கள் பலகையின் முன்னால் நின்றார்கள். கூட்டிப் பெருக்கும் அக்கா ஹெல்மெட்டைக் காட்டி, "இது அவருங்களா சார்?" என்று கேட்டார். "குறிப்பா யாரும் இல்லீங்க அக்கா. ஓட்டறவங்க யாரா வேணாலும் இருக்கலாம்" என்றேன். பலகையை எடுத்துவிடலாமா என்று ஆபீசில் ஒரு பேச்சு வந்தது. வேண்டாம் என்று முதலில் சொன்னது கிரைண்டிங் அண்ணன்தான். எனக்கும் அதே எண்ணம். அந்த விமானத்துக்குள் ஓர் உயிர் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பாகங்களை அளக்கிற நாங்கள் தினமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு துளையில் சில மைக்ரான் கூடிப்போனால் அந்தப் பாகத்தை ஒதுக்குகிறோமே, அது அவருக்காகத்தான்.

பலகையைப் பராமரிப்பது பற்றிப் பலர் கேட்டதால் கடைசியாக அதையும் சொல்கிறேன். மிஷின் ஷாப் காற்றில் கூலன்ட் ஆவி எப்போதும் மிதக்கும். அது எதன்மேலும் எண்ணெய்ப் படலமாகப் படியும், அதில் தூசி ஒட்டும். விமானத்தின் பூச்சு பளபளப்பில்லாதது, ஆகவே முழு மேட் கிளியர் அடித்தால் பார்க்கப் பொருத்தமாக இருக்கும். ஆனால் மேட் பரப்பு அழுக்கைப் பிடித்துக்கொண்டு விடாது. முழுப் பளபளப்பு அடித்தால் ஈரத்துணியில் துடைத்துவிடலாம், ஆனால் எல்.இ.டி. விளக்கின் கீழே மேகம் தெரியாது, விளக்குதான் தெரியும். இரண்டுக்கும் நடுவான சாட்டின் பூச்சைத்தான் அடித்திருக்கிறேன். வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீர் தொட்ட மெல்லிய துணி போதும், தின்னரைக் கிட்டேகூடக் கொண்டுபோகக் கூடாது. எனாமல் வெள்ளை இருட்டில் மஞ்சளடிக்கும் குணமுள்ளது, அதனால் வெளிச்சம் வரும் சுவர் நல்லது. நேர் வெயில் படாமல் இருந்தால் போதும்.

கேன்டீன் சுவர் காலியாக இருக்கிறது. அங்கே பழைய நேட் போர் விமானம் ஒன்று வேண்டும் என்று ஃபோர்மேன் கேட்டிருக்கிறார். காரணம் சூலூரில் மறுபிறவி எடுத்த அந்த 18ஆம் ஸ்குவாட்ரன். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் தளத்தைப் பாகிஸ்தானின் ஆறு சேபர் விமானங்கள் தாக்கியபோது, குண்டு விழுந்துகொண்டிருந்த ஓடுபாதையிலிருந்து நேட்டைக் கிளப்பி எதிர்த்து நின்று உயிர்நீத்த நிர்மல் ஜித் சிங் சேகோன் அந்தப் பிரிவுக்காரர். விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே ஒருவர் அவர். நேட் தேஜஸைவிட மிகவும் சின்னது, நீளம் 9 மீட்டருக்கும் குறைவு. அதே ஏழில் ஒரு பங்கில் வரைந்தால் பலகையில் பாதிதான் நிறையும். மீதி இடத்துக்குக் காஷ்மீரத்துப் பனிமலையும் டிசம்பர் மாத வானமும் வேண்டும். நான் பார்த்தே இராத வானம் அது, ஆகவே இந்தத் தடவை வானத்திலிருந்துதான் தொடங்கப்போகிறேன்.